எண்களால் வரையும் தன்னுருவம்

அமெரிக்க வரைகலை வடிவமைப்பாளர் நிக்கோலஸ் ஃபெல்டன் 2005 முதல் 2014 வரை ஒவ்வோர் ஆண்டின் வாழ்க்கையையும் ஆண்டறிக்கையாகத் தொகுத்து வெளியிட்டார். பார்வைக்கு அது நிறுவனங்கள் பங்குதாரர்களுக்கு அனுப்பும் அறிக்கை போலிருக்கும். உள்ளே இருந்தவை அவர் சென்ற இடங்களும், சந்தித்த மனிதர்களும், உண்டதும் அருந்தியதும். 2010ஆம் ஆண்டு அறிக்கையை மறைந்த தம் தந்தைக்காக ஒதுக்கி, அவர் விட்டுச்சென்ற நாட்காட்டிகள் முதலான ஆவணங்களைக் கொண்டே அவருடைய வாழ்க்கையை வரைபடங்களாக்கினார். அந்த ஓர் அறிக்கையே, வாழ்க்கைத் தரவுகளைக் கொண்டு உருவம் தீட்டும் இக்கலையின் ஆற்றலுக்குப் போதிய சான்று என்பேன்.

இத்தகைய தன்னுருவத்தில் ஓவியரின் கைத்திறனுக்கு ஈடாக நிற்பது, எந்த அளவை இடநிலை, நீளம், நிறம் போன்றவற்றுள் எந்தக் காட்சிக் கூறாக மாற்றுவது என்னும் விதி. அந்த விதி பிழைத்தால், தரவு முழுவதும் உண்மையாக இருந்தும் படம் பொய் சொல்லும்.

ஒருவர் ஓராண்டில் அனுப்பிய குறுஞ்செய்திகளை வரைவதாகக் கொள்வோம். நேரத்தை இடமிருந்து வலமாக நேர்கோட்டில் வைத்தால் நள்ளிரவு இரண்டாகப் பிளந்துபோகும்; இரவு 11 மணிக்கு அனுப்பிய செய்தி ஒரு கோடியிலும், 1 மணிக்கு அனுப்பியது மறுகோடியிலும் நிற்கும். இரவில் விழித்திருந்து பேசும் பழக்கமுள்ளவரின் இயல்பே இதில் மறைந்துவிடும். 24 மணி நேரத்தையும் ஒரு வட்டத்தில் அமைத்தால் ஒரு மணிக்கு 15 பாகை கிடைக்கும். அவ்விரு செய்திகளும் 30 பாகை இடைவெளியில் அண்டை வீடுகளாக அமையும். ஆனால் வட்டத்துக்கும் ஒரு சிக்கல் உண்டு. ஜனவரி முதல் நாளை மையத்திலும் டிசம்பர் கடைசி நாளை விளிம்பிலும் வைத்து, நாளுக்கு ஒரு வளையம் வரைந்தால், உள்வளையங்களில் புள்ளிகள் நெரிசலாகவும் வெளிவளையங்களில் விரிந்தும் விழும். இரு மாதங்களிலும் ஒரே அளவு பேசியிருந்தாலும் ஜனவரி ஒடுங்கி, டிசம்பர் ஓங்கித் தெரியும். மையத்தில் கணிசமான வெற்றிடம் விட்டு, அதற்கு வெளியே வளையங்களைத் தொடங்குவது இதை வெகுவாகத் தணிக்கும்.

அளவைக் காட்டும் வழிகளிலும் ஏற்றத்தாழ்வு இருக்கிறது. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த வில்லியம் கிளீவ்லண்டும் ராபர்ட் மெக்கிலும் 1984இல் வெளியிட்ட ஆய்வின்படி, பொதுவான ஓர் அளவுகோலில் உள்ள இடநிலையை நம் கண்கள் மிகத் துல்லியமாக ஒப்பிடுகின்றன. நீளம், கோணம், பரப்பு என்று போகப்போகத் துல்லியம் குறைகிறது. அழகுக்காக வட்டங்களைத் தேர்ந்தெடுப்பவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். ஒரு நண்பருக்கு 10 செய்திகள், இன்னொருவருக்கு 40 என்றால், இரண்டாவது வட்டத்தின் ஆரம் இரு மடங்காக இருந்தாலே பரப்பு நான்கு மடங்காகிவிடும். ஆரத்தையே நான்கு மடங்காக்கினால் பரப்பு 16 மடங்காகி, இல்லாத நெருக்கத்தைப் படம் உண்டாக்கிவிடும். நிறத்தைப் பொறுத்தவரை, சிவப்பு பச்சையைவிடப் பெரியது என்று கண்ணுக்குத் தோன்றுவதில்லை. ஆகவே கூடுதல் குறைவைக் காட்ட ஒரே நிறத்தின் வெளிர்மையும் அடர்த்தியுமே ஏற்றவை.

தரவு எப்படிப் பிறந்தது என்பதும் படத்தில் தெரிய வேண்டும். கைப்பேசியிலுள்ள முடுக்கமானி, உடல் அசையும்போது ஏற்படும் முடுக்க மாற்றங்களைத் தொடர்ந்து அளக்கிறது; அதில் சீராக எழும் அலைமுகடுகளை எண்ணியே அடிகளின் எண்ணிக்கை கணிக்கப்படுகிறது. கைப்பேசியை மேசைமேல் வைத்துவிட்டு வீடு முழுவதும் நடந்தவரின் கணக்கில் சுழியம்தான் விழும். நடக்காத நாளும் பதிவாகாத நாளும் வெவ்வேறு என்பதால், பின்னதைக் கோடிட்ட வெற்றிடமாக வரைவதே நேர்மையான வழக்கம்.

இத்தனைக்கும் கணினி இன்றியமையாதது அன்று. நியூயார்க்கில் இருந்த ஜார்ஜியா லூப்பி, லண்டனில் இருந்த ஸ்டெஃபனி போசவெக் என்னும் இரு தகவல் வடிவமைப்பாளர்கள் 52 வாரங்கள், வாரத்துக்கு ஒரு பொருளைப் பற்றித் தங்கள் நடத்தையைக் குறித்துவைத்து, அதை அஞ்சலட்டையில் கையால் வரைந்து பரிமாறிக்கொண்டார்கள். முதல் வாரத்துப் பொருள், எத்தனை முறை நேரம் பார்த்தோம் என்பது. அட்டையின் ஒரு பக்கத்தில் படம். மறுபக்கத்தில் எந்தக் குறி எதைச் சுட்டுகிறது என்ற விளக்கம். குறிவிளக்கமில்லாத தன்னுருவம் வெறும் அலங்காரமாகிவிடும் என்பதால், அந்த மறுபக்கத்தையே நான் பெரிதும் மதிக்கிறேன்.

வெளியிடுமுன் இன்னொரு கணக்கும் உண்டு. 15 லட்சம் பேரின் கைப்பேசி இருப்பிடப் பதிவுகளை ஆராய்ந்து 2013இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஒருவர் எந்நேரம் எங்கே இருந்தார் என்ற நான்கு குறிப்புகளே 95 விழுக்காட்டினரைத் தனித்துப் பிரித்தறியப் போதுமானவையாக இருந்தன. பெயரை நீக்குவது மட்டும் போதாது என்பது இதனால் தெளிவாகிறது. பதிவுகளை ஓரளவு மங்கலாக்கினாலும் பாதுகாப்பு மெதுவாகவே கூடுகிறது என்பதையும் அதே ஆய்வு காட்டியது. ஆகவே வரைபடத்திலிருந்து ஊரையும் தெருவையும் எடுத்துவிட்டு, வீடு, பணியிடம், பயணம் என்று இடத்தின் வகையை மட்டும் வைத்து, ஒவ்வொன்றிலும் கழிந்த மொத்த நேரத்தை நீளமாகக் காட்டலாம். அந்த நீளங்களின் விகிதத்திலேயே ஒருவரின் வாழ்க்கைமுறை போதுமான அளவு தெரிந்துவிடும்.