லூப்போட உயிர் இணைப்புல இருக்கு

சேலத்துல கொண்டலாம்பட்டி, இளம்பிள்ளை பக்கம் ஒரு தெருவுல நின்னா காதுல விழறது விசைத்தறிச் சத்தம்தான், நாடா இந்தப் பக்கம் ஒரு அடி அந்தப் பக்கம் ஒரு அடின்னு போய்ட்டு வந்துட்டே இருக்கும், கொஞ்ச நேரம் நின்னு கேட்டா கால் தானா தாளம் போட ஆரம்பிச்சுடும். அந்தச் சத்தத்த போன்ல பதிவு பண்ணி, கம்ப்யூட்டர்ல போட்டு, ரெண்டே செகண்ட் வெட்டி எடுத்து அதையே திரும்பத் திரும்ப ஓட விட்டா அதுதான் லூப். அதுக்கு மேல ஒரு பேஸ், கொஞ்சம் கீபோர்டு, ஒரு குரல்னு சேத்துட்டே போனா வீட்ல உக்காந்தே ஒரு பாட்டுக்கு அடித்தளம் ரெடி. ஆனா புதுசா வெட்றவங்களுக்கு பெரும்பாலும் ஒண்ணு நடக்கும், ஒவ்வொரு சுத்துக்கும் டிக்னு ஒரு சத்தம் வரும், இல்லன்னா தாளம் நொண்டும். முடிவும் ஆரம்பமும் சேர்ற அந்த ஒரு இடம் சரியா அமையலன்னு அர்த்தம். லூப் மியூசிக்ல இருக்கற அறிவியல்ல பாதிக்கு மேல அந்த இணைப்புலதான் இருக்குன்னு நான் சொல்லுவேன்.

மொதல்ல கம்ப்யூட்டர் சத்தத்த எப்படி வச்சிருக்குன்னு பாத்துடலாம். மைக்ல படற காத்தோட அழுத்தம் ஏறி இறங்கறத கம்ப்யூட்டர் ஒரு செகண்டுக்கு 44,100 தடவ அளந்து நம்பரா எழுதி வச்சுக்குது, ஒவ்வொரு அளவும் ஒரு சாம்பிள். நம்ம காதுக்கு அதிகபட்சம் 20,000 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் கேக்கும், ஒரு அலையப் பிடிக்க அதோட வேகத்துல ரெண்டு மடங்குக்கு மேல அளக்கணும்ங்கறது கணக்கு, அதனாலதான் 40,000-த்தத் தாண்டி ஒரு நம்பர். சிடில ஒவ்வொரு சாம்பிளும் 16 பிட், அதாவது மைனஸ் 32,768-ல இருந்து பிளஸ் 32,767 வரைக்கும் ஏதோ ஒரு மதிப்பு. ஆக லூப்புங்கறது கம்ப்யூட்டருக்கு வெறும் நம்பர் வரிசைதான், கடைசி நம்பர் முடிஞ்சதும் மறுபடி மொத நம்பருக்குப் போ, அவ்வளவுதான் அதுக்குத் தெரியும்.

இப்ப தறிக்கு வருவோம். நிமிஷத்துக்கு 120 அடின்னு வச்சுக்குவோம், மியூசிக் பண்றவங்க பாஷைல 120 பிபிஎம். ஒரு அடிக்கு அரை செகண்ட், அதாவது 22,050 சாம்பிள், நாலு அடிக்கு 88,200. நீங்க அந்த அலைப்படத்தக் கண்ணால பாத்து குத்துமதிப்பா 88,000-ல வெட்டிட்டீங்கன்னா ஒரு சுத்துக்கு 200 சாம்பிள் குறையுது, கிட்டத்தட்ட நாலரை மில்லிசெகண்ட்தான், ஒரு தடவ கேட்டா எவனுக்கும் தெரியாது. ஆனா அதையே அடுத்தடுத்து ஒட்டிட்டே போனா 32 சுத்துல, அதாவது ஒரு நிமிஷத்துக்கு கொஞ்சம் மேல போறதுக்குள்ள, 6,400 சாம்பிள் முன்னாடி வந்து நிக்கும். அது 145 மில்லிசெகண்ட், கூட ஓடற டிரம்ஸ விட்டுட்டு தறி தனியா ஓடறது யாருக்கும் கேக்கும். அதனால வெட்டறதுக்கு முன்னாடி கணக்குப் போடுங்க, 60-ஐ பிபிஎம்மால வகுத்து 44,100-ஆல பெருக்குனா ஒரு அடிக்கு எத்தன சாம்பிள்னு வந்துடும்.

அடுத்தது அந்த டிக். வெட்டுன துண்டோட கடைசி சாம்பிள் பிளஸ் 9,000, மொத சாம்பிள் மைனஸ் 4,000-ன்னு வைங்க, ஸ்பீக்கர்ல இருக்கற அட்டை அந்தப் பக்கத்துல இருந்து இந்தப் பக்கத்துக்கு ஒரு செகண்ட்ல 44,100-ல ஒரு பங்கு நேரத்துல தாவணும். இப்படித் திடீர்னு தாவற அலையப் பிரிச்சுப் பாத்தா அதுல கீழ இருந்து மேல வரைக்கும் எல்லா ஸ்தாயியும் கொஞ்சம் கொஞ்சம் கலந்திருக்கும், காது அத டிக்னு கேக்குது. ரெண்டு முனையும் பூஜ்யத்தக் கடக்கற இடமாப் பாத்து வெட்டுனா தாவல் இருக்காது, ஆடாசிட்டிங்கற இலவச சாஃப்ட்வேர்ல செலக்ட் பண்ணிட்டு இசட் கீயைத் தட்டுனா பக்கத்துல இருக்கற பூஜ்யத்துக்கு அதுவே நகத்திடும். ஆனா நகந்தா நீளம் மாறும்ல, மேல போட்ட கணக்கு அடிபடும், அதனால எனக்குப் பிடிச்ச வழி நீளத்த அப்படியே வச்சுட்டு முனைல ஒரு 5 மில்லிசெகண்ட் மட்டும் ஃபேட் பண்றது, அதாவது முடிவுல சத்தத்த பூஜ்யத்துக்கு இறக்கி ஆரம்பத்துல பூஜ்யத்துல இருந்து ஏத்தறது.

இன்னொண்ணு பல பேர் விட்டுடற விஷயம், வால். கடைசி அடி விழுந்ததும் சத்தம் உடனே நிக்காது, கூடத்துல எதிரொலிச்சு கொஞ்ச நேரம் இழுக்கும், சரியா 88,200-ல வெட்டுனா அந்த இழுவையும் வெட்டுப்பட்டுடும், ஒவ்வொரு சுத்து முடிவுலயும் யாரோ வாயப் பொத்துன மாதிரி இருக்கும். இதுக்கு அழகான வழி ஒண்ணு இருக்கு. சாஃப்ட்வேர்ல செய்யற பீட்டா இருந்தா அதையே ரெண்டு சுத்து ஓட விட்டு எக்ஸ்போர்ட் பண்ணுங்க, மொத சுத்தத் தூக்கிப் போட்டுட்டு ரெண்டாவது சுத்த மட்டும் லூப்பா வச்சுக்குங்க. ரெண்டாவது சுத்தோட ஆரம்பத்துல மொத சுத்தோட வால் ஏற்கனவே வந்து உக்காந்திருக்கும், இணைப்பு எங்கன்னே தெரியாது.

இதெல்லாம் கம்ப்யூட்டருக்கு முன்னாடியே ஆரம்பிச்சது. 1948-ல பாரிஸ் ரேடியோவுல பியர் ஷேஃபர்ங்கறவர் ரயில் சத்தத்த இசைத்தட்டுல பதிஞ்சு மியூசிக் பண்ணாரு, தட்டுல வரி சுருளாப் போகாம வட்டமா மூடிக்கற மாதிரி வெட்டினா ஊசி அதே இடத்துல சுத்தும், 78 ஆர்பிஎம் தட்டுல ஒரு சுத்து 0.77 செகண்ட். ஊர்ல கேக்கற சத்தமே இசைக்குப் போதும்னு ஒருத்தர் அப்பவே நிரூபிச்சுட்டுப் போயிருக்காரு, நம்ம தறிக்கு அது பொருந்தாதா என்ன!

ஏற்காடு போனா கதை வேற. காப்பித் தோட்டத்துல சாயங்காலம் சில்வண்டு சத்தம், மூடுபனி சில்வர் ஓக் இலைல சேந்து சொட்டற சத்தம், இதுல தாளமே கிடையாது, அதனால சாம்பிள் கணக்கு வேணாம். ஆனா காது ரொம்பக் கெட்டிக்காரத்தனமானது, நடுவுல ஒரே ஒரு குருவி கூவியிருந்தாக் கூட ரெண்டாவது தடவ வரும்போதே இது ரிப்பீட்டுன்னு கண்டுபிடிச்சுடும். தனியாத் துருத்திட்டு நிக்கற சத்தத்த எல்லாம் வெட்டி எடுத்துட்டு, இணைப்புல ரெண்டு மூணு செகண்ட் நிதானமா கிராஸ்ஃபேட் பண்ணுங்க, அதாவது முடிவு மெல்லக் குறையக் குறைய ஆரம்பம் அது மேலயே ஏறி வரட்டும். அப்புறம் சில்வண்டு லூப்ப 31 செகண்ட், சொட்டற லூப்ப 37 செகண்ட்னு வைங்க, ரெண்டுமே பகா எண், அதனால ரெண்டும் மறுபடி ஒரே புள்ளில சேந்து ஆரம்பிக்க 31 பெருக்கல் 37, அதாவது 1,147 செகண்ட் ஆகும், கிட்டத்தட்ட 19 நிமிஷம். ஒரு நிமிஷம் கூட இல்லாத ரெண்டு ஃபைல வச்சு 19 நிமிஷத்துக்கு மாறிட்டே இருக்கற ஒரு காடு கெடைக்குது, இந்த ஒரு கணக்குக்காகவே நான் லூப்ப விரும்புவேன்.

வேகம் மாத்தறது அடுத்த சிக்கல். பம்பை லூப் 100 பிபிஎம்ல இருக்கு, உங்க பாட்டு 112. சும்மா வேகமா ஓட்டுனா சுருதியும் கிட்டத்தட்ட ஒரு முழுக் கட்டை ஏறிடும், ஸ இருந்த இடத்துல ரி கேக்கும். அதனால சாஃப்ட்வேர் சத்தத்த முப்பது நாப்பது மில்லிசெகண்ட் துண்டுகளா நறுக்கி, ஒண்ணு மேல ஒண்ணு கொஞ்சம் அதிகமாவே ஏறி உக்கார்ற மாதிரி நெருக்கி அடுக்குது. துண்டுக்குள்ள அலை மாறல, அதனால சுருதி அப்படியே நிக்குது, மொத்த நீளம் மட்டும் குறையுது. நாதஸ்வரம் மாதிரி நீண்டு ஒலிக்கறதுக்கு இது நல்லா வரும், பம்பை அடிக்கு வராது, நீட்டும்போது ஒரே அடி ரெண்டு துண்டுல மாட்டி இரட்டையா விழும், சுருக்கும்போது அடியோட கூர்மை மழுங்கிடும். அதுக்கு ஒவ்வொரு அடியையும் தனித்தனியா வெட்டி இடத்த மட்டும் மாத்தி வைக்கறதுதான் சரி. 1998-ல வந்த ஆசிட்ங்கற சாஃப்ட்வேர் இந்த வேகம் மாத்தற வேலையத் தானாவே செஞ்சுது, அதுக்கப்புறம்தான் வீட்ல இருந்து லூப் அடுக்கறது பரவலாச்சு, இன்னிக்கு காசு குடுக்காமக் கெடைக்கற சாஃப்ட்வேர்லயே அது இருக்கு.

சரி, செஞ்ச லூப்ப நண்பருக்கு அனுப்பணும். தயவுசெஞ்சு எம்பி3-ல அனுப்பாதீங்க. எம்பி3 சத்தத்த 1,152 சாம்பிள் கொண்ட கட்டுகளாத்தான் வாங்கும், நம்ம 88,200 அதுல மீதியில்லாம அடங்காது, 77-வது கட்டுல பாதி காலியா நிக்கும், அத வெறும் நிசப்தத்தால நிரப்பும், போதாக்குறைக்கு ஆரம்பத்துலயும் கொஞ்சம் நிசப்தம் சேத்துக்கும். முழுப் பாட்டா இருந்தா யாருக்கும் தெரியாது, லூப்ல ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு விக்கல் விழும், நீங்க இவ்வளவு பாடுபட்டுச் செஞ்ச இணைப்பு அங்கயே போச்சு. ரெண்டு செகண்ட் ஸ்டீரியோ வேவ் ஃபைல் 350 கேபிதான், தாராளமா அனுப்பலாம், பெருசா இருந்தா ஃப்ளாக்ங்கற ஃபைல் வகைல போடுங்க, ஒரு சாம்பிள் கூட மாறாம சைஸ் மட்டும் குறையும். வாட்ஸ்அப்ல அனுப்புனா டாக்குமெண்டா அனுப்புங்க. ஃபைல் பேர்லயே பிபிஎம், சுருதி, எத்தன அடின்னு எழுதிடுங்க, வாங்கறவர் காதால எண்ணிட்டு உக்கார வேணாம்.

ஆடில கோட்டை மாரியம்மன் பண்டிகைல பம்பை அடிக்கறவர்கிட்ட பதிவு பண்ணீங்கன்னா, இத மத்தவங்களும் பாட்டுல போட்டுக்குவாங்க, பரவாயில்லயான்னு அவர்கிட்டயே கேட்டுடுங்க, அந்த அடி அவரோட உழைப்பு. பொதுவுல போடும்போது கிரியேட்டிவ் காமன்ஸ் லைசென்ஸ் ஒண்ணு போடலாம், மத்தவங்க அத எப்படிப் பயன்படுத்தலாம்னு முன்கூட்டியே சொல்லி வைக்கற அனுமதி அது, சிசி ஜீரோ போட்டா எடுக்கறவர் யார் பேரும் சொல்ல வேண்டியதில்ல, சிசி பை போட்டா பேர் சொல்லியே ஆகணும். பம்பைக்காரர் பேர் லூப்போட சேந்தே போகணும்னா சிசி பை போட்டு, அதுல உங்க பேருக்கு முன்னாடி அவர் பேர எழுதுங்க.