பேஸ் அதிரும் ஹெட்போனில் மிக்ஸ் செய்யாதீர்கள்

இந்த வாரமும் மாஸ்டரிங்குக்கு (வெளியிடும் முன் செய்யும் கடைசி ஒலிச் சீரமைப்புக்கு) வந்த ஒரு பாட்டில் பேஸ் கிட்டாரைத் தேட வேண்டியிருந்தது. கிக் டிரம் அட்டைப்பெட்டியைத் தட்டுவது போல ஒலித்தது. எதில் கேட்டு மிக்ஸ் செய்தீர்கள், அதாவது குரலையும் வாத்தியங்களையும் அளவு பார்த்துச் சேர்த்தீர்கள் என்று கேட்டால் எல்லோரிடமும் ஒரே பதில்தான்: "நல்ல ஹெட்போன்தான் சார், பேஸ் சும்மா அதிரும்."

அந்த அதிர்வுதான் பிரச்சினை. பாட்டுக் கேட்பதற்கென்று விற்கும் பல ஹெட்போன்களில் கீழ்ச்சுருதிப் பகுதியைக் கூட்டித்தான் வைத்திருப்பார்கள். 100 ஹெர்ட்ஸில் ஹெட்போன் 6 டெசிபெல் கூட்டிக் கொடுக்கிறது என்று வையுங்கள். பேஸ் அதிகம் என்று காது சொல்லும், நீங்களும் ஈக்யூவில் (ஒலியின் ஒவ்வொரு பகுதியையும் தனியே கூட்டிக் குறைக்கும் கருவியில்) 6 டெசிபெல் வெட்டுவீர்கள். ஹெட்போன் கூட்டியது ஹெட்போனைக் கழற்றியதும் போய்விடும். நீங்கள் வெட்டியது பாட்டிலேயே தங்கிவிடும். ஆகவே பேஸ் அதிகமாகக் காட்டும் ஹெட்போனில் செய்த மிக்ஸில் பேஸ் குறைவாகத்தான் இருக்கும். பலர் இதை நேர்மாறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

உச்சப் பகுதியிலும் இதே கதைதான். பேயர்டைனமிக்கின் டிடி 990 ப்ரோ ஹெட்போன் 8 கிலோஹெர்ட்ஸ் பக்கம் கூர்மையாக ஒலிக்கும். அதற்குப் பழகாதவர்கள் 'ஸ', 'ஷ' உரசலை டி-எஸ்ஸரால் அடக்கி அடக்கிக் குரலையே மங்க வைத்துவிடுகிறார்கள். கேட்க இனிமையாக இருக்கிறதா என்று பார்த்து வாங்காதீர்கள். மோசமான மிக்ஸை மோசமாகவே காட்டுகிறதா என்று பாருங்கள்.

ப்ளூடூத் வேண்டவே வேண்டாம்.

குரல் பதிவுக்குக் காதுக் கிண்ணத்தின் வெளிப்புறம் மூடிய வகை நல்லது. சோனி எம்டிஆர்-7506, டிடி 770 ப்ரோ போன்றவற்றில் க்ளிக் ட்ராக் (பாடுபவருக்குத் தாளம் காட்டும் டிக் டிக் ஒலி) மைக்குக்குள் கசிவது குறைவு. மிக்ஸிங்குக்கு அறை அமைதியாக இருந்தால் திறந்த வகையை எடுங்கள்: சென்ஹைசர் எச்டி 600, எச்டி 560எஸ், ஏகேஜி கே702. மின்விசிறி இரைச்சலும் தெருச் சத்தமும் அவற்றுக்குள் தாராளமாக வரும் என்பதை மறக்க வேண்டாம். எச்டி 600-இல் 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி இறங்கிவிடும். 808 பேஸ் (மிக ஆழமான எலக்ட்ரானிக் பேஸ்) வைத்த பாட்டென்றால், எந்த ஹெர்ட்ஸில் எவ்வளவு ஒலி என்று திரையில் காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசரைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள்.

ஓம் (ஹெட்போனின் மின்தடை) கூடினால் தரம் கூடும் என்பதும் தவறு. எச்டி 600 300 ஓம், அதற்குக் கூடுதல் வோல்டேஜ் வேண்டும், அவ்வளவுதான். லேப்டாப்பில் நேராகச் செருகினால் பெரும்பாலும் சத்தம் போதாது. மைக்கையும் ஹெட்போனையும் கணினியோடு இணைக்கும் சாதாரண ஆடியோ இன்டர்ஃபேஸ்தான் இருக்கிறதென்றால் டிடி 770 ப்ரோவின் 80 ஓம் மாடலே போதும்.

மூடிய வகையில் இயர்பேட் தேய்ந்தாலும், மூக்குக்கண்ணாடியின் காம்பு இடையில் நுழைந்தாலும் பேஸ் கசிந்துபோகும். பேடை மாற்றுங்கள். விண்டோஸில் ஒலி மேம்படுத்தல் வசதிகளை அணைத்து வையுங்கள். ஹெட்போனைத் திருத்தும் காலிப்ரேஷன் ப்ளக்-இன்னை மாஸ்டர் ட்ராக்கில் போட்டிருந்தால், எக்ஸ்போர்ட் செய்யும் முன் அணைத்தே ஆக வேண்டும். அணைக்க மறந்து அந்தத் திருத்தம் பாட்டோடு பதிந்து வரும் கோப்புகள் கொஞ்சமல்ல.

ஹெட்போனில் இடது ஒலி வலது காதுக்குப் போவதே இல்லை. அதனால் எல்லாம் அகலமாக விரிந்து கேட்கும். இரண்டு பக்க ஒலியையும் ஒன்றாக்கி, மோனோவில் ஒருமுறை கேளுங்கள். போன் ஸ்பீக்கரில் பேஸ் வரி முற்றிலும் காணாமல் போனால் லேசாக சாச்சுரேஷன் (மெல்லிய ஒலிச் சிதைவு) சேருங்கள், அதில் எழும் மேல் ஹார்மோனிக்ஸ் (மடங்கு அதிர்வெண்கள்) பேஸைக் காட்டிக்கொடுக்கும். ஒப்பிட எடுக்கும் வெளியான பாட்டின் சத்தத்தை உங்கள் மிக்ஸின் அளவுக்குக் குறைத்த பிறகு ஒப்பிடுங்கள். குறைக்காவிட்டால் அதுதான் எப்போதும் நன்றாக இருப்பது போலத் தோன்றும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 85 டெசிபெல்லில் 8 மணி நேரம் என்பதுதான் தொழிலாளர்களுக்கு அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான என்ஐஓஎஸ்எச் சொல்லும் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும்: 88-இல் 4 மணி, 91-இல் 2 மணி. மணிக்கொருமுறை ஹெட்போனைக் கழற்றி வையுங்கள். கழற்றிய பிறகும் காதில் ரீங்காரம் கேட்கிறதா? அன்றைக்கு வேலையை நிறுத்திவிடுங்கள், தயவுசெய்து.