யூடியூப் பாகிஸ்தானுக்குப் போன இரவு

2008 பிப்ரவரி 24 அன்று, பாகிஸ்தானுக்குள் மட்டும் தடுக்கப்பட வேண்டிய யூடியூப் உலகின் பெரும்பகுதியில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் திறக்கவே இல்லை. யூடியூபின் சர்வர்கள் நன்றாகத்தான் இருந்தன. கடலடி கேபிளும் அறுபடவில்லை. ஒரு நிறுவனம் அறிவித்த தவறான வழியை மற்ற நிறுவனங்கள் நம்பிவிட்டன, அவ்வளவுதான். இணையம் எப்படி ஓடுகிறது, அதன் சாவி யார் கையில் இருக்கிறது என்பதை விளக்க இதைவிட நல்ல நிகழ்ச்சி எனக்குத் தெரியவில்லை.

நாம் பார்க்கும் வீடியோ நம்மிடம் முழுசாக வருவதில்லை. பெரும்பாலும் 1,500 பைட்டுக்கு மிகாத பாக்கெட்டுகளாக உடைந்து வருகிறது. அனுப்பியவரின் ஐ.பி. முகவரியும் (இணையத்தில் ஒரு கணினியைக் குறிக்கும் எண்) சேர வேண்டிய முகவரியும் ஒவ்வொரு பாக்கெட்டின் தலைப்பிலும் இருக்கும், வழி மட்டும் இருக்காது. ஊர் தெரியாதவர் சந்திக்குச் சந்தி வழி கேட்டுப் போவதைப் போல, வலையின் சந்திகளில் இருக்கும் ரவுட்டர் என்ற கருவி ஒவ்வொன்றும் கைகாட்டும் பக்கம் அது நகரும். நடுவில் ஒன்று தொலைந்துபோனால் மீண்டும் அனுப்பச் செய்வது இரு முனைகளிலும் உள்ள கணினிகளின் பொறுப்பு.

இந்த யோசனை 1960களில் அமெரிக்காவில் பால் பேரனுக்கும் பிரிட்டனில் டொனால்டு டேவிஸுக்கும் தனித்தனியே தோன்றியது. அணு ஆயுதத் தாக்குதலில் சில நிலையங்கள் அழிந்தாலும் செய்தி வேறு வழியில் போய்ச் சேர வேண்டும் என்பது பேரனின் கவலை. ஆனால் அதைச் செயலாக்கிய, இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் என்ற கணினி வலை போருக்காகக் கட்டப்பட்டது என்று பலரும் சொல்வது சரியல்ல. விலை உயர்ந்த கணினிகளை ஆய்வாளர்கள் தொலைவிலிருந்தே பகிர்ந்துகொள்ளத்தான் அது எழுந்தது. 1969 அக்டோபர் 29 இரவு, லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்துக்கு 'லாகின்' என்று அனுப்ப முயன்றபோது முதல் இரண்டு எழுத்துகள் போனதுமே அங்கிருந்த கணினி நின்றுவிட்டது. 1983 ஜனவரி 1 முதல், வின்ட் செர்ஃபும் பாப் கானும் வகுத்த டி.சி.பி./ஐ.பி. விதிகளுக்கு ஆர்ப்பாநெட் மாறியது. அந்த விதிகளைப் பின்பற்றும் எந்த வலையும் மற்றொரு வலையோடு சேர்ந்துகொள்ளலாம்.

அப்படிச் சேர்ந்த வலைகள் இன்று 70,000-க்கும் அதிகம். எந்த முகவரிக்கு எந்த வலை வழியாகப் போவது என்பதை அவை பி.ஜி.பி. என்ற நெறிமுறையால் பேசிக்கொள்கின்றன. 1989-இல் கர்க் லாக்கீடும் யாகோவ் ரெக்டரும் ஒரு மதிய உணவின்போது கை துடைக்கும் தாள்களில் கிறுக்கி உருவாக்கியது அது. "இந்த முகவரிகளுக்கு என் வழியாக வரலாம்" என்று ஒரு வலை பக்கத்து வலையிடம் சொல்லும், அது தனக்கு அடுத்ததிடம் சொல்லும். சொல்வது மெய்யா என்று சோதிக்கும் ஏற்பாடு அதில் இல்லை.

யூடியூப் அப்போது 208.65.152.0-இல் தொடங்கும் 1,024 முகவரிகளை ஒரே தொகுதியாக அறிவித்திருந்தது. அரசின் தடை உத்தரவை நிறைவேற்ற, பாகிஸ்தான் டெலிகாம் அவற்றில் 256 முகவரிகள் தன்னிடம் இருப்பதாக அறிவித்தது. உள்நாட்டிலிருந்து யூடியூபுக்குப் போகும் பாக்கெட்டுகளைத் தன் பக்கம் இழுத்து வீசிவிடுவதுதான் நோக்கம். அறிவிப்போ வெளியே கசிந்து, அதற்குச் சர்வதேச இணைப்பு கொடுத்த ஹாங்காங் நிறுவனமான பி.சி.சி.டபிள்யூ.வை அடைந்தது. அந்த நிறுவனம் வடிகட்டாமல் உலகுக்கே பரப்பிவிட்டது. ஒரே முகவரிக்கு இரண்டு வழிகள் கிடைத்தால் சிறிய தொகுதியைச் சொல்லும் வழியைத்தான் ரவுட்டர் எடுக்கும். 1,024-ஐ 256 வென்றது. 80 நிமிடம் கழித்து யூடியூபும் அதே 256-ஐ அறிவித்தது. பிறகு அதை 128, 128 ஆகப் பிரித்து இன்னும் சிறிதாக அறிவித்துப் போராடியது. கடைசியில் பி.சி.சி.டபிள்யூ. அந்தத் தவறான வழியை விலக்கிய பிறகே எல்லாம் சீரானது.

இன்று முகவரிக்கு உரியவர் மின்கையொப்பமிட்டு உறுதிசெய்யும் ஆர்.பி.கே.ஐ. என்ற முறை பரவிவருகிறது. அன்றைய தவறு போன்ற பலவற்றை அதனால் பிடித்துவிட முடியும். வழியையே திரும்பப் பெற்றுக்கொண்டால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. எகிப்தில் நடந்தது அதுதான். 2011 ஜனவரி 28, நள்ளிரவு தாண்டிய சில நிமிடங்களில் அந்நாட்டின் பெரிய நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தங்கள் அறிவிப்புகளை விலக்கிக்கொண்டன. சுமார் 3,500 வழிகள் உலகின் பட்டியல்களிலிருந்து மறைந்தன. ஐந்து நாட்களுக்கு எகிப்தின் பெரும்பகுதி இணையத்தில் இல்லை. ஆனால் ஐரோப்பாவிலிருந்து ஆசியாவுக்குப் போகும் கேபிள்கள் அதே எகிப்து மண்ணைக் கடந்து வழக்கம்போல வேலை செய்துகொண்டிருந்தன. தங்கள் காலடியில் உலகமே பேசிக்கொண்டிருக்க, கெய்ரோ மக்களில் பெரும்பாலோரால் ஒரு மின்னஞ்சல் அனுப்ப முடியவில்லை.

இணையத்தை யார் ஆள்கிறார்கள் என்று கேட்டால் பலரும் ஐகானைக் காட்டுவார்கள். பெயர்களையும் எண்களையும் ஒருங்கிணைக்கும் அமைப்பு அது. 2016 வரை அது அமெரிக்க அரசின் ஒப்பந்தத்தில் இருந்ததால் எழுந்த எண்ணம் இது. ஐகானால் உங்கள் வீட்டு இணைப்பைத் துண்டிக்க முடியாது. உங்களுக்குச் சேவை தரும் நிறுவனத்தால் முடியும். அதன் உரிமம் அரசின் கையில்.

இந்தியாவில் இணையத்தை முடக்குவதற்கான தனி விதிகள் 2017-இல் வந்தன. மத்திய உள்துறைச் செயலரோ மாநில உள்துறைச் செயலரோ உத்தரவிட்டால் போதும். 2018 மே மாதம் தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டுக்கு மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையம் நின்றது அப்படித்தான். என்ன நடந்தது, யார் இறந்தார்கள் என்று மக்கள் தேடித் தவித்த வேளை அது. அந்த நேரத்தில் செய்தியை நிறுத்துவது வதந்தியைத்தான் வளர்க்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

காஷ்மீரில் இணையத்தை முடக்கியது பற்றிய வழக்கில் 2020 ஜனவரி 10 அன்று, காலவரையற்ற இணைய முடக்கம் செல்லாது, உத்தரவுகளை வெளியிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு நவம்பரில், எந்த உத்தரவும் 15 நாட்களுக்கு மேல் நீடிக்கக் கூடாது என்ற திருத்தம் வந்தது. 2023 மே மாதம் மணிப்பூரில் தொடங்கிய மொபைல் இணையத் தடையோ, சில நாட்களுக்கு ஒரு முறை புதிய உத்தரவு போட்டே மாதக்கணக்கில் நீட்டிக்கப்பட்டது.