நில் என்ற பிறகும் வந்துகொண்டிருப்பவை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கிளேர்வுட் முருகன் கோயிலுக்குக் காவடி பார்க்கப் போகிறவர்களுக்கு லாரி நெரிசல் என்றால் என்ன என்று சொல்லித்தர வேண்டியதில்லை. துறைமுகம் அருகிலேயே இருக்கிறது. கண்டெய்னர் முனையத்துக்குப் போகும் பேஹெட் சாலை அடைத்துக்கொண்டால், வரிசை பின்னோக்கி வளர்ந்து அக்கம்பக்கத்துத் தெருக்களையும் விழுங்கிவிடும். "இனி அனுப்பாதீர்கள்" என்று முனையத்தார் தொலைபேசியில் சொல்லிவிடலாம். ஆனால், அந்த நேரத்தில் சாலையில் ஓடிக்கொண்டிருக்கும் லாரிகளை எங்கே நிறுத்துவது?

நான் பிழைப்புக்குப் பார்ப்பது நெட்வொர்க் சுவிட்சுகளை, அதாவது கணினிகளுக்கிடையே தரவை வாங்கிச் சரியான திசையில் அனுப்பும் பெட்டிகளை. அங்கேயும் தலைவலி இதுதான்.

சாதாரண ஈதர்நெட் சுவிட்ச், இடம் நிரம்பினால் வருகிற பாக்கெட்டை (தரவுத் துண்டை) கூசாமல் கீழே போட்டுவிடும். தொலைந்ததை அனுப்பிய கணினி மறுபடி அனுப்பிக்கொள்ளும். நமக்குப் படம் ஒரு கணம் தாமதமாகும், அவ்வளவுதான். ஒரு சர்வரின் நினைவகத்திலிருந்து இன்னொன்றின் நினைவகத்துக்குச் செயலியைத் தொடாமல் தரவை நகர்த்தும் ஆர்.டி.எம்.ஏ. முறைக்கு இந்தத் தாராளம் ஆகாது. பல நெட்வொர்க் அட்டைகள் ஒரே ஒரு பாக்கெட் தொலைந்தாலும் அதிலிருந்து பின்னால் போன அத்தனையையும் திரும்ப அனுப்பத் தொடங்கும். வேகம் படுத்துவிடும்.

இதற்கு 1997இல் வந்த பழைய வைத்தியம் பாஸ் (pause) சட்டகம். கம்பியில் பாக்கெட்டைச் சுமந்து போகும் உறைக்குச் சட்டகம் என்று பெயர். இது எதிர்முனைக்கு "நில்" என்று ஒரு சிறு செய்தி. இதில் கோளாறு என்னவென்றால், இணைப்பு முழுவதும் நின்றுவிடும். ஏற்றுமதி ஆரஞ்சு ஏற்றிய குளிர்பதன லாரியும் காலிப் பெட்டி லாரியும் ஒரே கதவில் முடங்குவது போல. 2011இல் வந்த 802.1கியூ.பி.பி. தரம் போக்குவரத்தை 0 முதல் 7 வரை எட்டு வகுப்புகளாக வைத்து, வகுப்புக்கு வகுப்பு தனியே நிறுத்தச் சொல்கிறது. பி.எஃப்.சி. என்று நாங்கள் அழைப்பது இதைத்தான். ஒவ்வொரு வகுப்பும் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று ஒரே சட்டகத்தில் எட்டு எண்கள் இருக்கும். எண் பூஜ்யமானால் "புறப்படு" என்று பொருள். 100 கிகாபிட் இணைப்பில் ஒரு முறை சொல்லி நிறுத்திவைக்கக்கூடிய அதிகபட்ச நேரம் சுமார் 335 மைக்ரோநொடி.

இனி அந்த ஓடிக்கொண்டிருக்கும் லாரிகளுக்கு வருவோம். ஒளியிழையில் ஒரு மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 5 நானோநொடி ஆகும். 100 மீட்டர் கேபிளில் "நில்" போய்ச் சேர 500, கடைசியாகக் கிளம்பிய தரவு வந்து சேர இன்னொரு 500. 100 கிகாபிட் வேகத்தில் நானோநொடிக்கு 12.5 பைட் என்றால், அதற்குள் 12,500 பைட் வந்துவிடும். நம் பக்கம் "நில்" வெளியேறுவதற்குமுன் ஒரு பெரிய சட்டகம் பாதி போய்க்கொண்டிருக்கலாம்; அது முடியும்வரை "நில்" காத்திருக்க வேண்டும். எதிர்முனையிலும் ஒன்று பாதியில் கிளம்பியிருக்கலாம். தலா 9,216 பைட். ஆக 30,932. எதிர்முனை செய்தியைப் படித்து நிற்க எடுக்கும் நேரம் இதற்கு மேல். இவ்வளவையும் ஒரு போர்ட்டில் (கேபிள் செருகும் வாயில்) ஒரு வகுப்புக்கென்று காலியாக ஒதுக்கிவைத்தால்தான் இழப்பில்லாமல் போகும். கேபிள் 10 கி.மீ. ஆனால் பயணத்தில் இருக்கும் தரவே 12.5 லட்சம் பைட். சுவிட்சின் நினைவகம் பொதுச் சொத்து. எட்டு வகுப்புகளுக்கும் இப்படி அள்ளிக் கொடுத்தால் கட்டுப்படியாகாது. ஒன்று, மிஞ்சினால் இரண்டு வகுப்புகளுக்கு மேல் நான் கொடுப்பதில்லை.

நிறுத்துவதால் நெரிசல் தீராது. பின்னால் இருக்கும் சுவிட்சுக்குத்தான் நகரும். அதுவும் நிரம்பினால் தனக்குப் பின்னால் உள்ளதை நிறுத்தும். பழுதான ஒரே ஓர் அட்டை "நில், நில்" என்று ஓயாமல் கத்தினால் மொத்த வலையும் உறைந்துவிடும். அதற்காகவே காவல்நாய் வசதி இருக்கிறது: ஒரு வரிசை வரம்பு மீறி நின்றால் அதிலுள்ள பாக்கெட்டுகளைக் கீழே போட்டுப் பாதையைத் திறந்துவிடும். இழப்பே கூடாது என்று கட்டிய இடத்தில் வேண்டுமென்றே இழப்பது! ஆனாலும் அதை அணைத்துவைப்பவர்களை எனக்குப் பிடிக்காது. அதைவிட நல்லது, நெரிசல் தொடங்கும்போதே பாக்கெட்டில் குறியிட்டு அனுப்புநரை மெதுவாக்கும் இ.சி.என். முறையை முன்னால் நிறுத்திவிட்டு, பி.எஃப்.சி.யைக் கடைசித் தடுப்பாக வைத்துக்கொள்வது.

ஒருமுறை ஒரு நிறுவனத்தின் சேமிப்பு சர்வர்களில் இரண்டு நாள் தலையை உடைத்துக்கொண்டேன். மூன்றாம் வகுப்புக்கு பி.எஃப்.சி. இருக்கிறது, இடம் ஒதுக்கியிருக்கிறது, இரு முனையிலும் அமைப்பு ஒன்றுதான். ஆனாலும் பாக்கெட் விழுகிறது. "நில்" சொன்ன தடவைகளைக் காட்டும் பாஸ் எண்ணிக்கையோ சுத்தமாகப் பூஜ்யம். இந்தப் பூஜ்யத்தை நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டது என் மடமை. சர்வர்கள் பாக்கெட்டின் முகவரிப் பகுதியான ஐ.பி. தலைப்பில், எந்த வகுப்பு என்று சொல்லும் டி.எஸ்.சி.பி. எண்ணை 26 என்று எழுதி அனுப்பின. இரும எண்ணில் 011010. முதல் மூன்று பிட் 011, அதாவது மூன்று. சரியாகத்தான் எழுதியிருந்தன. சுவிட்ச் போர்ட்டோ, வகுப்பைச் சொல்லும் இன்னொரு இடமான, சட்டகத்தில் ஒட்டும் வி.லேன் குறியை மட்டுமே நம்பும்படி விடப்பட்டிருந்தது. குறியே இல்லாத பாக்கெட்டுகள் எல்லாம் பூஜ்ய வகுப்பில் போய், காப்பில்லாமல் விழுந்துகொண்டிருந்தன.

டி.எஸ்.சி.பி.யை நம்பு என்று போர்ட்டுக்கு ஒரு வரி மாற்றினேன். அன்றிரவு காப்புப்பிரதி ஓடத் தொடங்கியதும் மூன்றாம் வகுப்பின் பாஸ் எண்ணிக்கை மெல்ல ஏறியது. விழுந்த பாக்கெட் எண்ணிக்கை இருந்த இடத்திலேயே நின்றது.