"எல்லாத்தையும் ஓசியில வாங்கிக்கிறாங்க" என்று சொல்பவர்கள் கவனத்துக்கு

எட்டு மாதக் கர்ப்பம், சர்க்கரை எக்கச்சக்கம், அதுவரை ஒரு டாக்டரைக்கூடப் பார்த்ததில்லை. இப்படி ஒரு ஹோண்டுராஸ் பெண் சமீபத்தில் எங்கள் கிளினிக்குக்கு வந்தார். ஹியூஸ்டனில் சோஷியல் ஒர்க்கர் வேலை பார்க்கிறவளுக்கு இதெல்லாம் புதிதில்லை. எரிச்சல் வந்தது அவர் சொன்ன காரணத்தால்தான். அவர் வீடு துடைக்கப் போகிற இடத்தில், "எங்கேயும் பேர் குடுக்காதே, பிடிச்சுட்டுப் போயிடுவாங்க. வலி வந்ததும் எமர்ஜென்சிக்குப் போ, அங்கே எல்லாம் ஃப்ரீ" என்று யோசனை சொல்லியிருக்கிறார்கள். சொன்னது நம் தமிழ்க் குடும்பம். நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார்கள், சந்தேகமில்லை. ஆனால் ஒரே பேச்சில் இரண்டு தப்பு, அதுவும் நான் கேட்பது முதல் தடவை இல்லை. இந்த நாட்டுக்கு வந்த ஸ்பானிஷ்காரர்கள் எல்லாத்தையும் ஓசியில் வாங்கிக்கொள்கிறார்கள் என்றும் நம்மவர்கள் பேசுகிறார்கள். அதனால்தான் இதைத் தமிழிலேயே எழுதுகிறேன்.

முதலில் அந்த ஃப்ரீ. எமர்ஜென்சி ஃப்ரீ இல்லை. 1986இல் வந்த சட்டம் சொல்வது இவ்வளவுதான்: எமர்ஜென்சிக்கு யார் வந்தாலும், பணம் இருக்கிறதோ இல்லையோ, பரிசோதித்து, உயிருக்கு ஆபத்து இல்லாத நிலைக்குக் கொண்டுவர வேண்டும். பில் போடக்கூடாது என்று எங்கேயும் சொல்லவில்லை. பில் வரும், வந்து வருடக்கணக்கில் துரத்தும். வருமானம் ரொம்பக் குறைவு என்றால், அந்த ஒரு அவசரத்துக்கு மட்டும் எமர்ஜென்சி மெடிக்கெய்ட் (மெடிக்கெய்ட் என்பது வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு இன்ஷூரன்ஸ்) ஆஸ்பத்திரிக்குப் பணம் கட்டும், அவ்வளவுதான். மறுநாளிலிருந்து மாத்திரை, இன்சுலின், மறு பரிசோதனை எல்லாம் அவரவர் பாடு. சர்க்கரை நோய் இப்படிக் கவனிப்பில்லாமல் பத்துப் பதினைந்து வருஷம் போனால் கிட்னியில் போய் நிற்கும் என்பதை நம்மாட்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கிட்னி போன பிறகு நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். இன்ஷூரன்ஸ் உள்ளவருக்கு வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். பேப்பர், அதாவது இங்கே இருக்க முறையான குடியேற்ற ஆவணம், இல்லாதவருக்கு அமெரிக்காவின் பல ஊர்களில், மூச்சு வாங்கி, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, "இப்போது உயிருக்கு ஆபத்து" என்று டாக்டர் எழுதினால்தான் மெஷினில் போடுவார்கள். கொஞ்சம் தேறியதும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், சில நாளில் மறுபடியும் அதே கதை. பேப்பர் இல்லாதவர்களிலேயே வழக்கமான டயாலிசிஸ் கிடைத்தவர்களையும் அவசரத்துக்கு மட்டும் கிடைத்தவர்களையும் ஒப்பிட்டு டென்வரைச் சேர்ந்த டாக்டர்கள் தலைமையில் ஒரு ஆய்வு 2018இல் வெளியானது. அவசரத்துக்கு மட்டும் டயாலிசிஸ் கிடைத்தவர்கள் ஐந்து வருடத்துக்குள் இறக்கும் ஆபத்து 14 மடங்கு. மறு வருடமே கொலராடோ மாநிலம் வழக்கமான டயாலிசிஸையும் எமர்ஜென்சிக் கணக்கில் சேர்த்துக்கொண்டது. மற்ற இடங்களில் இன்னும் ஊருக்கு ஒரு நியாயம். இதைத்தான் ஓசி என்கிறோம்.

"டாக்ஸ் கட்டாம அனுபவிக்கிறாங்க" என்பது அடுத்தது. சோஷியல் செக்யூரிட்டி எண் வாங்க முடியாதவர்கள் வரி கட்டுவதற்கென்றே 1996 முதல் ஐடின் என்ற எண் இருக்கிறது, பேப்பர் இல்லாதவர்களும் அதை வைத்துக் கட்டலாம். 2022இல் பேப்பர் இல்லாதவர்கள் கட்டிய மொத்த வரி கிட்டத்தட்ட 9,670 கோடி டாலர் என்று ஒரு வரிக் கொள்கை ஆய்வு நிறுவனம் கணக்குப் போட்டிருக்கிறது. அதில் சோஷியல் செக்யூரிட்டி என்கிற அரசு பென்ஷனுக்குப் போன பணமும் உண்டு. அந்தப் பென்ஷன் அவர்களுக்குக் கிடைக்காது. ஃபுட் ஸ்டாம்ப் என்கிற உணவு உதவி கிடையாது, சாதாரண மெடிக்கெய்ட் கிடையாது, பெரும்பாலான மாநிலங்களில் ஒபாமாகேர் என்கிற அரசு இன்ஷூரன்ஸ் சந்தையில் முழுப் பணம் கொடுத்தும் இன்ஷூரன்ஸ் வாங்க முடியாது. பேப்பர் உள்ளவர்களுக்கும் எல்லாம் தட்டில் வைத்து நீட்டப்படுவதில்லை. 1996இல் வந்த சட்டப்படி கிரீன் கார்டு வாங்கிய பெரும்பாலானவர்கள் ஃபுட் ஸ்டாம்ப், மெடிக்கெய்ட் போன்றவற்றுக்குக் குறைந்தது ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும். நீங்கள் ஸ்பான்சர் பண்ணிக் கூட்டிவந்த அம்மா அப்பாவுக்கும் இதே சட்டம்தான். அப்போது மட்டும் "என்ன அநியாயம்" என்று எனக்கு ஃபோன் பண்ணுகிறீர்கள்.

இன்னொன்று, ஸ்பானிஷ் பேசுகிறவர் எல்லாரும் பேப்பர் இல்லாதவர் இல்லை. இந்த நாட்டு ஹிஸ்பானிக் மக்களில் ஐந்தில் நான்கு பேர் அமெரிக்கக் குடிமக்கள். புவேர்ட்டோ ரிக்கோக்காரர்கள் 1917 முதலே குடிமக்கள்.

சரி, பயம் பற்றி. பயப்படாதே என்று நான் யாருக்கும் சொல்வதில்லை, ஏனென்றால் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. பள்ளி, ஆஸ்பத்திரி பக்கம் குடியேற்ற அதிகாரிகள் வராமல் ஒதுங்கியிருந்த பழைய வழிகாட்டுதலை 2025 ஜனவரியில் ரத்து செய்துவிட்டார்கள். அதே வருடம் மெடிக்கெய்ட் தகவல்கள் குடியேற்றத் துறைக்குப் போய், கோர்ட் வரை விவகாரம் ஆனது. டெக்சாஸில் 2024 நவம்பரிலிருந்து ஆஸ்பத்திரிகள் குடியுரிமை பற்றிக் கேட்டுக் கணக்கு எடுக்கின்றன. பதில் சொல்லாவிட்டாலும் சிகிச்சை நிற்காது என்பதை யாராவது அவர்களுக்குச் சொன்னால்தானே தெரியும்?

ஆனால் பயத்தில் மொத்தத்தையும் விட்டுவிடுகிறார்கள், அதுதான் வயிற்றெரிச்சல். வீட்டில் அப்பா அம்மாவுக்குப் பேப்பர் இருக்காது, பிள்ளை இங்கேயே பிறந்த குடிமகனாக இருக்கும். அந்தப் பிள்ளைக்கு மெடிக்கெய்டோ, பிள்ளைகளுக்கான அரசு இன்ஷூரன்ஸான சிப்போ வருமானத்தைப் பொறுத்து உரிமையாகவே உண்டு. பிள்ளைக்காக மட்டும் விண்ணப்பிக்கும்போது பெற்றோர் தங்கள் குடியேற்ற நிலையையோ சோஷியல் செக்யூரிட்டி எண்ணையோ எழுத வேண்டியதில்லை, அந்தக் கட்டத்தைக் காலியாக விடலாம். முகவரி எழுதத்தான் வேண்டும், அதை மறைக்கமாட்டேன். யோசித்து முடிவெடுக்கட்டும், ஆனால் விஷயம் தெரிந்து முடிவெடுக்கட்டும். "பிள்ளைக்கு உதவி வாங்கினால் உனக்குக் கிரீன் கார்டு வராது" என்று பயமுறுத்துகிறவர்களுக்கு ஒரு தகவல்: அரசு உதவி வாங்குகிறவர்களுக்குக் கிரீன் கார்டு மறுக்க 2019இல் வந்த கடுமையான விதியில்கூட, பிள்ளை வாங்கும் உதவி பெற்றோர் கணக்கில் சேரவில்லை. அந்த விதி 2021இல் போய், 2022இல் வேறு வந்தது, அதையும் மாற்றப் பார்க்கிறார்கள். அதனால் வாட்ஸ்அப்பில் வருவதை வைத்து யாருக்கும் சட்டம் சொல்லாதீர்கள், தயவுசெய்து.

அந்தக் கர்ப்பிணிக்கு டெக்சாஸில் முதல் மாதத்திலிருந்தே வழி இருந்தது. சிப் பெரினேட்டல் என்ற திட்டம் வயிற்றில் இருக்கும் குழந்தைக்கான இன்ஷூரன்ஸ், தாயின் பேப்பரைப் பார்ப்பதில்லை. கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் உணவு தரும் விக் திட்டத்தில் பால், முட்டை, பருப்பு எல்லாம் கிடைக்கும், அங்கேயும் இதுவரை குடியேற்ற நிலை தடையாக இருந்ததில்லை. ஹியூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டியில் குடியிருப்பவர் என்று காட்டினால், வருமானத்துக்கு ஏற்ற கட்டணத்தில் கவுண்டி ஆஸ்பத்திரியில் பார்ப்பார்கள். கேட்டுப் பார்க்காமல் எட்டு மாதம் போய்விட்டது.

பள்ளி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இதே டெக்சாஸில் டைலர் என்ற ஊரில் பேப்பர் இல்லாத பிள்ளைகளிடம் வருஷத்துக்கு ஆயிரம் டாலர் கேட்டு, அது உச்ச நீதிமன்றம் வரை போய், 1982இல் பிள்ளைகள் பக்கம் தீர்ப்பு வந்தது. சேர்க்க வேண்டும், பேப்பர் கேட்கக்கூடாது. முடிந்தது.

இப்போது உங்களுக்கு. ஆஸ்பத்திரியில், பள்ளியில், பார்மசியில் வேலை பார்க்கும் நம்மவர்கள் நிறைய இருக்கிறீர்கள், உங்களிடம் முதலில். பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். பன்னிரண்டு வயதுப் பெண்ணை நிறுத்தி வைத்து "அம்மாவின் கட்டி கேன்சர் என்று அம்மாவிடம் சொல்லு" என்றால் அந்தப் பிள்ளை என்ன செய்யும்? பாதியை விழுங்கிவிடும். உயிர் போகும் அவசரம் தவிர மற்ற நேரத்தில் விதியும் அதை அனுமதிப்பதில்லை. ஃபோனில் கூப்பிட்டால் மொழிபெயர்ப்பாளர் வருவார், நோயாளிக்குச் செலவில்லை, பத்து நிமிஷம் காத்திருங்கள், உலகம் முழுகிவிடாது. இன்னொரு விஷயம், குவாத்தமாலாவிலிருந்து வந்தவர் எதற்கெடுத்தாலும் "சி, சி" என்று தலையாட்டினால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். ஹியூஸ்டனில் கிச்சே என்ற மாயா மொழி பேசுகிறவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு ஸ்பானிஷும் அரைகுறைதான்.

வீட்டில் ஆள் வைத்திருப்பவர்கள், டாக்டரிடம் போகிற நாளுக்குச் சம்பளம் பிடிக்காதீர்கள். அந்தப் பயத்திலேயே பாதிப் பேர் போவதில்லை. பேப்பர் இருக்கிறதா என்று விசாரிக்காதீர்கள், அது உங்கள் வேலையும் இல்லை எங்கள் வேலையும் இல்லை. குடியேற்ற வழக்கு என்றால், கடைவாசலில் போர்டு மாட்டி ஃபார்ம் நிரப்பிக் கொடுக்கும் நோட்டரிகளிடம் அனுப்பாதீர்கள். அவர்கள் வக்கீல் இல்லை, காசையும் வாங்கிக்கொண்டு வழக்கையும் கெடுத்துவிடுவார்கள். சட்ட உதவி மையத்துக்கு அனுப்புங்கள். வேறு எதுவும் தெரியவில்லை என்றால் 211 என்ற எண்ணை மட்டும் எழுதிக் கொடுங்கள், ஸ்பானிஷில் பேசுவார்கள், பக்கத்தில் எந்த கிளினிக், எங்கே உணவு கிடைக்கும், எந்தத் திட்டத்துக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று சொல்வார்கள். மனசு சரியில்லை, சாகலாம் போல இருக்கிறது என்றால் 988, ஸ்பானிஷுக்கு 2ஐ அழுத்த வேண்டும்.

முடிந்தால் ஒரு ப்ரொமோத்தோராவைக் கண்டுபிடித்துக் கொடுங்கள். அதே அபார்ட்மென்டில், அதே சர்ச்சில் இருக்கிற பெண்கள்தான், பயிற்சி எடுத்து வீடு வீடாகப் போய் உடம்பு, சிகிச்சை பற்றிச் சொல்கிறவர்கள். டெக்சாஸில் இவர்களுக்கு அரசுச் சான்றிதழே உண்டு. நாங்கள் ஆறு தடவை ஃபோன் பண்ணினாலும் வராதவர்கள், இவர்கள் ஒரு தடவை கதவைத் தட்டினால் மறுநாள் வந்து நிற்பார்கள். ஹியூஸ்டனில் கல்ஃப்டன் பக்கம் இருப்பவர்கள் அங்கேயுள்ள கிளினிக்கில் கேட்டுப் பாருங்கள்.