நாலாம் வகுப்போடு தரங்கம்பாடி: பஸ் ஏறுவதற்கு முன் வகுப்பறையில் செய்ய வேண்டியவை

டெல்டா மாவட்டங்களில் உள்ள கிறிஸ்தவத் தொடக்கப் பள்ளிகளின் சுற்றுலா நோட்டீஸ்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. காலையில் பூம்புகார், பதினொரு மணிக்குத் தரங்கம்பாடி, மதியம் நாகூர், மாலையில் வேளாங்கண்ணி, இரவு திரும்புதல். காசு கட்டிய பெற்றோருக்கு நாலு இடமாவது காட்டியாக வேண்டும் என்ற எண்ணம்தான் இதற்குக் காரணம். ஆனால் பஸ்ஸில் உட்காருவது எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகள். ஒவ்வொரு இடத்திலும் ஏற, இறங்க, எண்ணிப் பார்க்க, கழிப்பறைக்குப் போய்வர என்று முக்கால் மணி நேரம் கரைந்துவிடும். மிச்சமிருக்கும் நேரத்தில் பிள்ளைகள் பார்ப்பது வாசலையும் ஐஸ் வண்டியையும்தான்.

ஒரே இடம், மூன்றே கேள்விகள் போதும். அதற்கு முன்னால் வகுப்பறையில் இரண்டு வாரம் வேலை நடந்திருக்க வேண்டும். தரங்கம்பாடியை உதாரணமாக எடுத்துக்கொள்ள ஒரு காரணம் உண்டு. 1706 ஜூலை 9 அன்று ஜெர்மானிய லுத்தரன் மிஷனரிகளான சீகன்பால்கும் புளுட்சௌவும் அங்கே கரையிறங்கினார்கள். அடுத்த ஆண்டே அங்கே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கியது. தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை (டி.இ.எல்.சி.) பள்ளிகளின் பூர்வீகமே அந்த ஊர்தான். ஆனால் டேனிஷ் கம்பெனி, தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர், 1845இல் டேனியர் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றது என்று எல்லாவற்றையும் நாலாம் வகுப்பின் தலையில் கொட்ட வேண்டியதில்லை. கையால் தொட்டுப் புரிந்துகொள்ளக்கூடியவை இரண்டு: எழுத்தை அச்சில் ஏற்றியது, கரையைக் கடல் அரித்தது.

அச்சிலிருந்து தொடங்குவது நல்லது. தமிழ் அச்செழுத்துகள் ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் வார்க்கப்பட்டு 1713இல் தரங்கம்பாடிக்கு வந்தன. அவை பெரிய எழுத்துகள் என்பதால் காகிதம் ஏகமாகச் செலவாயிற்று. பிறகு தரங்கம்பாடியிலேயே சின்ன எழுத்து வார்த்தார்கள். காகிதத்துக்காகப் பொறையாறு பக்கம் ஒரு பட்டறையும் வைத்தார்கள். இதைச் சொல்லிவிட்டுக் கணக்குக் கட்ட நோட்டை எடுக்கச் சொல்லுங்கள். ‘தரங்கம்பாடி’ என்ற சொல்லில் ஏழு எழுத்து. ஓர் எழுத்துக்கு இரண்டு கட்ட அகலம், இரண்டு கட்ட உயரம் என்று எழுதினால் 28 கட்டம் போகும். ஓர் எழுத்துக்கு ஒரே கட்டம் என்றால் 7. பாதி உயர எழுத்துக்குப் பாதிக் காகிதம் போதும் என்றுதான் முதலில் எல்லாப் பிள்ளைகளும் சொல்வார்கள். எண்ணிப் பார்த்து, கால்வாசிதான் என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். பரப்பளவுக்கு இதைவிட நல்ல தொடக்கம் பாடப்புத்தகத்தில் இல்லை.

அடுத்தது அச்சுக்கட்டை. ஒரு குழுவுக்கு வேண்டியவை: ஐந்து சென்டிமீட்டர் சதுரமாக வெட்டிய கெட்டி அட்டை நாலு, சணல் கயிறு ஒரு முழம், ஃபெவிகால், துவரம்பருப்பு கொஞ்சம், ஸ்டாம்ப் பேட் ஒன்று. மெல்லிய தாளில் எழுத்தைப் பென்சிலால் அழுத்தி எழுதி, தேங்காய் எண்ணெயை லேசாகத் தொட்டுத் தடவினால் பின்பக்கம் தெளிவாகத் தெரியும். தாளைத் திருப்பி, தலைகீழாக அல்ல, இடம் வலமாக மாறிய அந்த வடிவத்தைப் பார்த்து அட்டையில் வரைய வேண்டும். கோட்டின் மேல் ஃபெவிகால் இட்டுச் சணலை ஒட்டி, மேலே பாட நூல்களை அடுக்கி ஓர் இரவு விட வேண்டும். மெய்யெழுத்தின் புள்ளிக்கு ஒரு பருப்பு. அதன் உயரம் சணல் உயரத்துக்குச் சரியாக இருக்கும். கடுகு வைத்தால் மையே படாது.

சொல்லைத் தேர்வதில்தான் பாடமே இருக்கிறது. ‘பட்டம்’ என்று கொடுங்கள். ‘ப’ இருபக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் திருப்ப வேண்டிய அவசியமே இல்லை என்று பிள்ளைகள் நினைத்துவிடுவார்கள். ‘ட’ போட்டதும் குட்டு வெளிப்படும். எழுத்துகளைத் தனித்தனியே சரியாகத் திருப்பிவிட்ட குழுவும் அடுத்த இடத்தில் தடுக்கும்: நாலு கட்டையையும் ஒரு பலகையில் ப, ட், ட, ம் என்று இடமிருந்து வலமாக ஒட்டிக் கவிழ்த்தால் தாளில் ‘ம்டட்ப’ என்று வரும். அதை ஆசிரியர் முன்கூட்டியே சொல்லிவிடக் கூடாது. வரட்டும், சிரிக்கட்டும், மாற்றி ஒட்டட்டும். பசை காயுமுன் மையில் அழுத்தினால் சணல் கழன்று வரும். மை அதிகமானால் ‘ம’வின் சுழி அடைபடும். இவை தவிர வேறு சிக்கல் இல்லை. அரும்பு, மொட்டு, மலர் என்று வாசிப்பு நிலை பிரித்திருக்கும் வகுப்பிலும் இதற்கு மட்டும் குழுக்களைக் கலந்தே போடுங்கள். வாசிக்கத் திணறும் பிள்ளையின் கைக்குச் சணல் நன்றாக வளைந்து கொடுப்பதை அடிக்கடி பார்க்கலாம்.

கடல் பாடத்துக்கு ஒரு தட்டும் மணலும் தண்ணீரும் போதும், அதிகம் விளக்க வேண்டியதில்லை. தரங்கம்பாடிக் கரையில் இருக்கும் மாசிலாமணிநாதர் கோயில் பதினாலாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் குலசேகர பாண்டியன் காலத்தில் கட்டியது. அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது என்பதை மட்டும் சொல்லி வையுங்கள்.

இந்த இடத்தில் நிர்வாகம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நம் பள்ளிகளில் வகுப்பில் பாதிக்கு மேல் கிறிஸ்தவரல்லாத பிள்ளைகள் இருப்பது சாதாரணம். ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) பள்ளியில் மறைக்கல்வி நேரத்தில் அவர்கள் நன்னெறி வகுப்புக்குப் போவார்கள். அந்த ஏற்பாடு சுற்றுலா நாளில் மறந்துபோகிறது. அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளி, பெற்றோரின் சம்மதமில்லாமல் பிள்ளையை வழிபாட்டில் கலந்துகொள்ளச் செய்யக் கூடாது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 28(3)ஆம் பிரிவு. எனவே ஒப்புதல் கடிதத்தில் எந்தெந்த ஆலயத்துக்குள் போகிறோம், அங்கே பார்க்கப் போவது என்ன என்பதை வெளிப்படையாக எழுதுங்கள். 1718ஆம் ஆண்டின் புதிய எருசலேம் ஆலயத்தைக் கட்டடமாக, சீகன்பால்கின் கல்லறை இருக்கும் இடமாகப் பார்க்கலாம். ஜெபம் வேண்டுமென்றால் அதைத் தனியாக வைத்து, விரும்பும் பிள்ளைகள் மட்டும் என்று வைத்துக்கொள்ளலாம். அதேபோல, கோயில் வாசலுக்குப் போவதையும் கிறிஸ்தவப் பெற்றோரிடம் மறைக்காமல் சொல்லிவிடுவதே மேல். இரண்டு பக்கமும் கேள்வி வருவது, சொல்லாமல் செய்தால்தான்.

நாள் குறிப்பதிலும் தவறு நடக்கிறது. ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா. கிழக்குக் கடற்கரைச் சாலை முழுக்க நடைப் பயணிகள். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழை, புயல். பொங்கல் விடுமுறை முடிந்து ஜனவரிக் கடைசியோ பிப்ரவரியோ நல்லது. டேனியர் கட்டிய கோட்டையில் இருக்கும் அருங்காட்சியகத்தின் வார விடுமுறை எது என்பதையும், ஆலயத்தில் அன்று கல்யாணம் இருக்கிறதா என்பதையும் போனில் கேட்டுக்கொள்ளுங்கள். ஓர் ஆசிரியர் முன்கூட்டியே போய் மூன்றை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் போதும்: பெண்பிள்ளைகளுக்குப் பூட்டி வைக்காத, தண்ணீர் வரும் கழிப்பறை எங்கே, பஸ் நிற்கும் இடத்திலிருந்து சாலையைக் கடக்க வேண்டுமா, காலில் குறையுள்ள பிள்ளை ஏற முடியாத படிகள் எத்தனை.

வண்டிக்கு எஃப்.சி. (தகுதிச் சான்று), இன்சூரன்ஸ், பெர்மிட், ஓட்டுநர் உரிமம் நாலையும் நகலெடுத்து அலுவலகத்தில் வைத்த பிறகே அட்வான்ஸ் கொடுங்கள். வட்டாரக் கல்வி அலுவலருக்கான கடிதத்தில் வண்டி எண்ணும் இருக்கட்டும். ஒருவழிப் பயணம் இரண்டரை மணி நேரத்தைத் தாண்டினால் தரங்கம்பாடி வேண்டாம். உள்ளூர் ஆஃப்செட் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை அடிப்பதைப் பார்த்துவிட்டு வந்தாலும் மேலே சொன்ன அச்சுப் பாடம் முழுதாக நடக்கும்.

எட்டுப் பிள்ளைக்கு ஒரு பெரியவர். தலையை எண்ணாதீர்கள், ஓடிக்கொண்டே இருக்கும் தலையை இருமுறை எண்ணிவிட்டு, கணக்குச் சரி என்று கிளம்பியவர்கள் உண்டு. பிள்ளைக்கு ஒரு எண் கொடுத்து, அதை அவர்களே வரிசையாகச் சொல்ல வைத்தால் விடுபட்ட எண் தானாகத் தெரியும். ஏறும்போது, இறங்கும்போது, கழிப்பறைக்குப் பிறகு, சாப்பாட்டுக்குப் பிறகு, ஒவ்வொரு முறையும். கழுத்து அட்டையில் எண்ணும் பள்ளியின் பெயரும் போன் நம்பரும் மட்டும் இருக்கட்டும். பிள்ளையின் பெயரைப் பெரிதாக எழுதித் தொங்கவிட்டால் முன்பின் தெரியாதவரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், பிள்ளை போய்விடும். வலிப்பு, ஆஸ்துமா விவரங்கள் குழுப் பொறுப்பாளரின் நோட்டில் இருக்க வேண்டும். இன்ஹேலர் அவர் பையில், லக்கேஜ் பெட்டியில் அல்ல.

காலையில் பூரி, வடை வேண்டாம். இட்லியும் பொடியும் போதும். தேங்காய்ச் சட்னி பத்து மணிக்குள் கெட்டுவிடும். மதியத்துக்குப் புளியோதரை தாங்கும். வாந்தி வரும் பிள்ளைகளை முன்பக்கத்தில் உட்கார வையுங்கள், பின் சக்கரத்தின் மேல் அல்ல. ஓ.ஆர்.எஸ். (உப்புச் சர்க்கரைக் கரைசல் பொடி) கலக்கும்போது அவசரத்தில் தண்ணீர்ப் பாட்டிலில் கைக்கு வந்தபடி கொட்டுகிறார்கள். பெரிய பொட்டலம் முழுதும் ஒரு லிட்டருக்கு, சின்னது 200 மில்லிக்கு. உறையில் போட்டிருப்பதைப் படித்துவிட்டுக் கலக்க வேண்டும். அளவு குறைந்த தண்ணீரில் உப்பு ஏறிப்போய் நிலைமை மோசமாகும்.

கடலில் கால் நனைப்பது கிடையாது. ‘கொஞ்ச நேரம் மட்டும்’ என்பதும் கிடையாது. கரையோரக் கருங்கற்கள் பாசி பிடித்தவை, நாற்பது பிள்ளைகளை அலை முன்னால் நிறுத்திக் காவல் காக்க ஐந்து பெரியவர்களால் முடியாது. இதைப் பெற்றோர் கூட்டத்திலேயே சொல்லிவிட்டால் அங்கே போய்க் கெஞ்சல் வராது. கோட்டை மதிலில் கையைப் பிடித்து வரிசையாகப் போகலாம், செல்ஃபிக்காக விளிம்பில் நிற்பது கூடாது. இது டீச்சர்களுக்கும் சேர்த்துத்தான்.

அங்கே கொடுக்க வேண்டிய மூன்று கேள்விகள் இவை போல இருக்கலாம்: ஆலய முகப்பில் இருக்கும் சின்னத்தை வரைந்து வா, அதில் என்ன பொருள் தெரிகிறது? கோட்டைச் சுவரில் பூச்சு உதிர்ந்த இடத்தில் உள்ளே என்ன இருக்கிறது, செங்கல்லா கருங்கல்லா? கோயிலிலிருந்து தண்ணீர் எத்தனை எட்டு, ஆசிரியர் காட்டும் பாதுகாப்பான கோடு வரை நடந்து எண்ணு. விடை தெரிந்த கேள்வியைக் கொடுத்தால் பிள்ளைகள் பலகையைப் பார்த்து எழுதிவிடுவார்கள், சுவரைப் பார்க்க மாட்டார்கள்.

திரும்பியதும் ‘நான் சென்ற சுற்றுலா’ கட்டுரை எழுத வைக்கும் வழக்கத்தை ஒரு வருடம் விட்டுப் பாருங்கள். நாற்பது நோட்டிலும் ‘நாங்கள் காலையில் எழுந்து குளித்துப் பேருந்தில் ஏறினோம்’ என்று தொடங்கி, கேசரியில் முடியும். பதிலாக ஒவ்வொரு குழுவும் ஒரு கேள்விக்கு எழுதிய நாலு வரியைத் தங்கள் அச்சுக்கட்டையால் தலைப்பிட்டு ஒரே சார்ட்டில் ஒட்டட்டும். கோயிலிலிருந்து நடந்து எண்ணிய எட்டுகளின் கணக்கு குழுவுக்குக் குழு வேறாக வந்திருக்கும். அவற்றை ஏறுவரிசையில் எழுதி, ஏன் இப்படி என்று பேசுவது மறுநாள் கணக்கு வகுப்பு.

காசில்லாமலோ உடம்பு சரியில்லாமலோ வராமல் போன பிள்ளைகளை அன்று மூன்றாம் வகுப்பில் உட்கார்த்தி வைத்துவிடாதீர்கள். அச்சுக்கட்டை வேலையில் அவர்களும் இருந்தவர்கள்தான், சார்ட்டின் தலைப்பு அவர்கள் பொறுப்பு. கட்டணத்தை ஜூன் மாதத்திலிருந்தே வாரம் பத்து ரூபாயாக வாங்கினால் இந்த எண்ணிக்கை வெகுவாகக் குறையும். டீசல், டோல், நுழைவுச்சீட்டு, சாப்பாடு என்று ரசீதோடு கணக்கெழுதி ஒரு வாரத்துக்குள் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள். மிச்சம் இருந்தால் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துத் திருப்பிக் கொடுங்கள், ஐந்து ரூபாயாக இருந்தாலும்.