பாபி வண்டிக்குப் பெயின்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி

சேலத்துப் பக்கம் பழைய மினி பைக் தேடிப் போனால் 'பாபி' என்று சொல்லிக் காட்டுவதெல்லாம் பாபி இல்லை. நிஜமான பாபி, எஸ்கார்ட்ஸ் கம்பெனி போட்ட ராஜ்தூத் ஜிடிஎஸ் 175. 1973-ல் வந்த 'பாபி' என்ற இந்திப் படத்தில் ஓடியதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. சக்கரமும் டேங்கும் சின்னதாக இருந்தாலும் உள்ளே இருப்பது பால் கேன் கட்டி ஓட்டுவார்களே, அந்தப் பெரிய ராஜ்தூத்தின் அதே டூ ஸ்ட்ரோக் இன்ஜின்தான். அந்தப் பெரிய வண்டியே போலந்து நாட்டு எஸ்எச்எல் எம்11-ஐப் பார்த்துச் செய்தது.

அதனால் இன்ஜினைப் பார்த்து 'ஒரிஜினல்' என்று நம்பிவிட முடியாது, வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டமான சேஸைத்தான் பார்க்க வேண்டும். பெரிய ராஜ்தூத்தை அறுத்துக் குட்டையாக்கி வெல்டிங் வைத்ததும் பாபி என்ற பெயரில் விற்பனைக்கு வரும். டேங்கையும் சீட்டையும் கழற்றிவிட்டு வெல்டிங் தையலைத் தடவிப் பாருங்கள், புதுத் தையல் கைக்கே தெரியும். சேஸ் நம்பர் இருக்கும் இடத்தில் கிரைண்டர் வைக்கவே கூடாது. பெயின்ட் ரிமூவர் தடவி, ஊறவிட்டு, துணியால் துடைத்தால் போதும். எழுத்தைச் சுற்றி இரும்பு பள்ளமாக இருந்தாலோ, எழுத்துகள் ஒன்று ஆழமாகவும் ஒன்று மேலாகவும் இருந்தாலோ, ஆர்சி புக்கோடு ஒத்துப்போனாலும் அந்த வண்டி வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

சரி, வண்டி நிஜம்தான். உடனே எல்லாரும் பெயின்ட் கடைக்கு ஓடுகிறார்கள். அதற்கு முன் இன்ஜின் ஒழுங்காக மூச்சு விடுகிறதா என்று பாருங்கள்.

டூ ஸ்ட்ரோக்கில், பிஸ்டன் ஏறி இறங்குவதைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் இருக்கிற அறையே ஒரு பம்ப். பிஸ்டன் மேலே ஏறும்போது கீழே அழுத்தம் குறைந்து கார்புரேட்டரிலிருந்து காற்றும் பெட்ரோலும் அந்த அறைக்குள் இழுபடும். பிஸ்டன் இறங்கும்போது அதே கலவை அமுங்கி, பக்கவாட்டு வழிகளில் மேலேறி சிலிண்டருக்குள் போகும். இந்த அறையைக் காற்றுப் புகாமல் மூடி வைப்பது கிராங்கின் இரண்டு பக்கமும் இருக்கிற ரப்பர் சீல்கள். வண்டி பல வருஷம் சும்மா நின்றால் அவை இறுகி வெடித்துவிடும். மேக்னெட் (பிளக்குக்குக் கரண்ட் தருவது) பக்க சீல் போனால் வெளிக்காற்று உள்ளே வரும், கலவையில் பெட்ரோல் விகிதம் குறையும், ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் இன்ஜின் தானாகக் கத்தும், கடைசியில் சூடேறிப் பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடித்துக்கொள்ளும். கிளட்ச் பக்க சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சிப் புகையாகத் தள்ளும். இந்தப் புகையைப் பார்த்து 'பிஸ்டன் ரிங் போச்சு' என்று முடிவு கட்டி, சிலிண்டரைக் கடைந்து போர் போடக் கொடுப்பவர்கள் நிறைய.

கண்டுபிடிக்க மெடிக்கல் கடையில் கிடைக்கிற பிபி பார்க்கும் கருவியின் பல்பும் மீட்டரும் போதும். புகை போகும் வாயையும் கார்புரேட்டர் வாயையும் ரப்பர் வைத்து அடைத்து, ஒன்றில் மட்டும் குழாயைச் செருகி, மீட்டர் 300 காட்டும் வரை அமுக்குங்கள். அது ஏறத்தாழ 6 பிஎஸ்ஐ. சில நிமிஷம் முள் நின்றால் நல்லது. இறங்கினால் மேக்னெட் தட்டைக் கழற்றி சீலைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் தடவுங்கள், குமிழ் வருகிற இடத்தில்தான் கோளாறு. கிளட்ச் பக்கம் கசிந்தால் கியர்பாக்ஸின் ஆயில் ஊற்றும் துளை வழியாகக் காற்று வரும். சைக்கிள் பம்ப் வேண்டாம், அந்த வேகத்துக்கு நல்ல சீலும் பிதுங்கிவிடும்.

அப்புறம் ஏற்காடு மலை ஏறுவது. ஊர் சுமார் 1,500 மீட்டர் உயரம், சேலம் 300 மீட்டருக்கும் கீழே. மேலே காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் அதிகமாகவே குறைகிறது, ஆனால் பழைய கார்புரேட்டருக்கு அது தெரியாது. பெட்ரோலை அந்த அளவுக்குக் குறைக்காது. கலவை ரிச் ஆகி (பெட்ரோல் அதிகமாகி), பிளக் கறுத்து, வண்டி திக்கும். இப்போது பங்கில் வருகிற 20 சதவீத எத்தனால் பெட்ரோல் இதற்கு நேர் எதிர்: எத்தனால் எரியக் காற்று குறைவாகப் போதும் என்பதால் அதே ஜெட்டில் (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சின்னத் துளை) கலவை லீன் ஆகிவிடும், அதாவது பெட்ரோல் போதாமல் போகும். ஆக மேலே போனால் இரண்டும் ஓரளவு சரிக்குச் சரி, ஆபத்து சேலத்து வெயிலில்தான். ஜெட்டை ஒரு சைஸ் பெரிதாகப் போட்டு, பிளக் முனை காப்பிப்பொடி நிறத்தில் இருக்கிறதா பாருங்கள். டேங்க் டேப்பின் கார்க்கையும் பெட்ரோல் டியூபையும் மாற்றிவிடுங்கள். எத்தனால் பழைய ரப்பரைக் கெடுக்கும்.

ஏறுவதைவிட இறங்குவதற்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். இந்த இன்ஜினுக்கு ஆயில் பெட்ரோலோடு கலந்து போவதுதான். 20 கொண்டை ஊசி வளைவையும் ஆக்சிலரேட்டரை மூடி, கியரில் இழுத்துப் பிடித்தபடி இறங்கினால், இன்ஜின் வேகமாகச் சுற்றும், பெட்ரோல் சொற்பமாகத்தான் வரும், அதனால் ஆயிலும் சொற்பம்தான். ஒவ்வொரு வளைவுக்கும் கிளட்சைப் பிடித்து ஒரு முறை ஆக்சிலரேட்டரை முறுக்கி விடுங்கள். பின்னால் வருகிறவர் எரிச்சலில் ஹார்ன் அடித்தாலும் பரவாயில்லை.